நோவறிந்த கைகள்: ஆறாயி அம்மைக்கு

கொட்டாஞ்சேனை செம்மலர் மகப்பேற்று மனையில் முப்பத்தொரு ஆண்டுகள் பணியாற்றி இன்று ஓய்வுபெறும் திருமதி ஆறாயி சங்கிலி அவர்களுக்கு, உடன் உழைத்தோர் உளமுருகி எழுதி, சபையில் வாசித்தளிக்கும் மடல்

ஆறாத் துயருக்கும் ஆறுதலாய் வந்த ஆறாயி அம்மையே! நோவில் நொறுங்கியோர்க்கு நிழலாய் நின்ற நல்லாளே! வாளியும் விளக்குமாறும் ஏந்திய வலிய கைகளால், வையத்துக்கு வரும் உயிர்களுக்கு வழிசெய்து கொடுத்த வாஞ்சையின் வடிவே! எங்கள் நெஞ்சார்ந்த வணக்கத்தை ஏற்றருள்க!

துறைமுகத்துக் கப்பற்சங்கு வீட்டுக்குள்ளே வந்து கேட்கும் கொட்டாஞ்சேனைத் தெருவிலே, கோயில் மணியும் தேவாலய மணியும் ஒன்றையொன்று முந்தும் சந்தியின் அருகிலே, பன்னிரண்டு கட்டில்களோடு நிமிர்ந்து நிற்கிறது நம் செம்மலர் மனை. அதன் வாசலில் ஆயிரத்துத் தொள்ளாயிரத்து அறுபத்தொன்பதாம் ஆண்டு ஆனி மாதத்தில் அடியெடுத்து வைத்தீர்கள். இரண்டாயிரமாம் ஆண்டு ஆனியில் இன்று விடைபெறுகிறீர்கள். இடையிலே மருத்துவர் நால்வர் மாறினர். தலைமைத் தாதியரான மேற்றன்மார் மூவர் மாறினர். கூரை இருமுறை மாறியது. நாட்டின் நிலைமை எத்தனை முறை மாறியதென்று எண்ணிப்பார்க்க எங்களுக்குத் தெம்பில்லை. மாறாமல் இருந்தவர் நீங்கள் ஒருவரே.

அன்பு, அடக்கம், பொறுமை, நேரந்தவறாமை என்று நற்பண்புகளை அடுக்கி எழுதிவிட்டு ஓய்ந்திருக்கலாம். இந்த மண்டபத்தில் இருக்கும் எவருக்கும் அவை புதிய செய்திகள் அல்ல. ஆகவே, நடந்ததை நடந்தபடியே சொல்லத் துணிகிறோம். சபையோர் பொறுத்தருள்க; நீங்களும் கூச்சம் பாராமல் அந்த நாற்காலியில் அமர்ந்திருந்து கேட்டருள்க. எழுந்து போய்த் தேநீர்க் கோப்பைகளைக் கழுவ இன்று உங்களுக்கு அனுமதியில்லை.

மலைநாடு ஈந்த மாணிக்கமே! மஸ்கெலியாப் பக்கத்துத் தேயிலைத் தோட்டம் ஒன்றின் லயக் குடியிருப்பிலே பிறந்து, பதினைந்து வயதில் கூடை சுமந்து கொழுந்து பறித்து, பத்தொன்பது வயதில் சங்கிலி ஐயாவின் கைபிடித்துக் கொழும்புக்கு வந்தீர்கள். ஐயா புறக்கோட்டையில் அரிசி மூட்டை சுமந்தவர். நாளொன்றுக்கு இருநூறு மூட்டை இறக்கிவிட்டு வீடு வருபவரின் முதுகிலே, முள்ளந்தண்டு முடியும் இடத்திலே, ஒரு கட்டி போல இறுகி நிற்கும் வலியை, நல்லெண்ணெய் தொட்டு, உள்ளங்கையின் அடிப்பாகத்தால் அழுத்தி, மெல்ல மெல்ல இளகவைக்கப் பழகினீர்கள். எந்தப் பள்ளியிலும் எவரிடமும் நீங்கள் இதைப் படிக்கவில்லை. உங்கள் ஆசான் ஒரு மூட்டை தூக்குபவரின் முதுகு. "இங்க அமுக்கினா மூச்சு விடுவாரு, அங்க அமுக்கினா பல்லக் கடிப்பாரு. அப்படித்தான் தெரிஞ்சுக்கிட்டேன்" என்று நீங்களே எங்களுக்குச் சொல்லியிருக்கிறீர்கள்.

இந்த மனையில் உங்களுக்குத் தரப்பட்ட வேலை துடைப்பதும் கழுவுவதும். சேர்ந்து இரண்டாண்டு கழிந்த ஒரு நாள், பிரசவ அறைத் தரையைத் துடைத்துக்கொண்டிருந்தபோது, கட்டிலில் கிடந்த பெண் ஒருத்தி நோவு தாங்காமல் எட்டி உங்கள் முந்தானையைப் பிடித்தாள். துடைப்பானைச் சுவரில் சாய்த்துவிட்டு, கையைக் கழுவிக்கொண்டு வந்து, அவளை ஒருபக்கமாய்த் திருப்பி, சங்கிலி ஐயாவின் முதுகில் கண்ட அதே இடத்தை அழுத்தினீர்கள். அவள் கத்துவதை நிறுத்தி, மூச்சை நீட்டி விட்டாளாம். அன்று பணியிலிருந்த, பிள்ளைப்பேறு பார்க்கும் வயதான மருத்துவமாது எட்டிப் பார்த்து, "அப்படியே பிடி, விட்டிடாதே" என்று மட்டும் சொன்னாராம். அந்நாள் முதல் இருபது ஆண்டுகள், எழுதப்படாத வழக்கமாய், பிரசவ அறையில் நோவு முற்றும்போது தாதியர் தலையை நீட்டி "ஆறாயி!" என்று கூப்பிடுவர். வயிற்றில் ஒருபோதும் கை வைத்து அழுத்தமாட்டீர்கள். அது மருத்துவரின் இடம் என்பீர்கள். இடுப்பு, முதுகின் அடி, தொடையின் பக்கம், பாதம் இவையே உங்கள் ஆட்சி. நோவு ஏறும்போது அழுத்தம் ஏறும். நோவு இறங்கும்போது கை தடவலாய்த் தணியும்.

எண்பத்து மூன்றாம் ஆண்டு ஆடிக் கலவரத்திலே, நீங்கள் குடியிருந்த வாடகை அறை எரிந்து சாம்பலானது. உடுத்த சேலையோடு இங்கே ஓடிவந்தீர்கள். உள்ளே ஏழு தாய்மார் அடைபட்டிருந்தனர். ஐந்து நாட்கள் கதவு திறக்கவில்லை. அந்த ஐந்து நாட்களில் நான்கு குழந்தைகள் பிறந்தன. உங்களுக்கு வீடு இல்லாமற்போன செய்தியை ஆறாம் நாள்தான் எங்களில் மூத்தோர் அறிந்தனர். கேட்டதற்கு, "அவங்க நோவுல இருந்தாங்க. நான் எப்பச் சொல்ல?" என்றீர்களாம்.

பொறுமையின் பேருருவே! இதுவரை எல்லோருடைய சொல்லாய் வந்த இம்மடல், இனிச் சற்று நேரம் ஒருத்தியின் சொல்லாய் வரும். இதை எழுதும் பொறுப்பை ஊழியர் கூட்டம் என்னிடம் தந்தது. எழுதவேண்டியதை மறைக்கக்கூடாது என்ற நிபந்தனையை நானே வைத்துக்கொண்டேன். நான், மேற்றன் ஐறீன் செபஸ்தியாம்பிள்ளை.

எண்பத்தெட்டாம் ஆண்டு நான் இங்கே வந்தேன். தொண்ணூற்றோராம் ஆண்டு, வெள்ளவத்தையிலிருந்து வந்த வசதியான குடும்பத்துப் பெண் ஒருத்திக்கு நீங்கள் இடுப்புப் பிடித்துவிட்டீர்கள். பிரசவம் நலமாய் முடிந்தது. மறுநாள் அவளுடைய தாயார் என் அறைக்கு வந்து, "தோட்டத்துப் பொம்பிளை ஒண்டை என்ர பிள்ளையின்ர உடம்பில கை வைக்க விட்டிருக்கிறியள். உங்களிட்டை மிஸ்ஸிமார் இல்லையோ?" என்று, படித்த தாதியரைச் சுட்டிக் கேட்டார். நான் அவருக்குப் பதில் சொல்லியிருக்க வேண்டும். சொல்லவில்லை. மாறாக, உங்களுக்கு ஓர் எச்சரிக்கைக் கடிதம் தட்டச்சு செய்வித்தேன். சுகாதாரம், தொற்று, பயிற்சியின்மை, ஒழுங்கு என்று நல்ல நல்ல சொற்களாய்த் தேடி அதில் வைத்தேன். அந்தச் சொற்களுக்குள்ளே மறைந்திருந்தது அந்தத் தாயாரின் வாக்கியமே என்பது எனக்கு அன்றே தெரியும்.

உங்களை என் மேசைக்கு முன் நிற்கவைத்து அதை வாசித்தேன். என்னைவிட ஒரு வயது மூத்தவரான உங்களை "நீ" என்று அழைத்தேன்.

"ஆறாயி, இனி நீ நோயாளிகளைத் தொடக்கூடாது. விளங்குதா?"

"வெளங்குதுங்க மேற்றன். ஆனா, நோவுல கெடக்குறவங்க அவங்களாவே என் கையப் புடிச்சா?"

"மிஸ்ஸியைக் கூப்பிடு."

"மிஸ்ஸி வர்ற வரைக்கும்?"

பேனையை நீட்டினேன். எழுத்துக்கூட்டி, ஒவ்வோர் எழுத்தாய், உங்கள் பெயரை எழுதினீர்கள்.

அதன்பின் ஐந்து ஆண்டுகள் நீங்கள் எவரையும் தொடவில்லை. ஒருமுறை கூட விதியை மீறவில்லை. மீறியிருந்தால் என் மனச்சாட்சிக்குச் சற்று இலகுவாய் இருந்திருக்கும். பிரசவ அறையிலிருந்து அலறல் வரும்போது, நடையிலே வாளியைக் கீழே வைத்துவிட்டு, இரண்டு கைகளையும் முந்தானைக்குள் சுற்றிக்கொண்டு நிற்பீர்கள். நான் அதைப் பலமுறை கண்டேன். காணாதவள் போலக் கடந்து போனேன். தொண்ணூற்று மூன்றில் சங்கிலி ஐயா காலமானார். அதன்பின் பிடித்துவிட உங்களுக்கு வீட்டிலும் ஒரு முதுகு இருக்கவில்லை.

இனி, தொண்ணூற்றாறாம் ஆண்டு வைகாசியில் ஒரு நாள். மழை பொய்த்து மின்வெட்டு நீண்ட காலம் அது. தலைநகரில் குண்டுகள் வெடித்து, சந்திக்குச் சந்தி சோதனைச் சாவடி முளைத்திருந்த காலம். காலை பத்து மணிக்கு ஒரு முச்சக்கரவண்டி வந்து நின்றது. இறங்கியவர் இருவர். ஒருவர் ரபீக்கா; கொம்பனித்தெருக்காரர், வெள்ளவத்தையில் ஒரு லொட்ஜில் சமையல் வேலை செய்பவர். மற்றவர் ஜெகதீஸ்வரி, யாழ்ப்பாணத்திலிருந்து இடம்பெயர்ந்து கணவரோடு அந்த லொட்ஜில் தங்கியிருந்த இருபத்தாறு வயதுப் பெண், தலைப்பிள்ளைக்காரி. கொழும்புக்கு வந்த புதிதில் கொட்டாஞ்சேனையில் உறவினர் வீட்டில் இருந்ததால் எங்களிடமே பதிந்திருந்தார். அவரைப் பற்றி இங்கே பெயரோடு எழுதுவது அவருடைய விருப்பப்படியே. "ஒண்டையும் ஒளிக்காமல் வாசியுங்கோ" என்று சொல்லிவிட்டு, இதோ மூன்றாம் வரிசையில் அமர்ந்திருக்கிறார்.

அவர் கட்டிலுக்கு வரவில்லை. நடையிலிருந்த வாங்குப் பலகையில் முழங்கால்களை ஒட்டி இறுக்கி, வயிற்றை இரு கைகளாலும் மூடிக்கொண்டு அமர்ந்தார். தாதி ஒருத்தி தோளைத் தொட்டதும், "தொடாதேங்கோ! ஒருத்தரும் என்னைத் தொடாதேங்கோ!" என்று கூவினார். அந்தக் குரல் நோவின் குரல் அல்ல என்பதை நாங்கள் எல்லோரும் உணர்ந்தோம்.

ரபீக்கா என்னைப் பக்கத்தில் அழைத்துச் சொன்னார்:

"மிஸ்ஸி, விடியக்காலத்தால லொட்ஜச் சுத்தி வளச்சாங்க. பொலிஸ் பதிவுத் துண்டு பழசாப் போச்சாம், இவட மாப்புள்ளயக் கூட்டிக்கிட்டுப் போயிட்டாங்க. அந்தப் பயத்துலயே புள்ளக்கி நோவு தொடங்கிட்டு. வார வழியில மறிச்சாங்க. வயித்துல குண்டு கட்டி ஈக்கும்னு சொல்லி, ரோட்டுல வெச்சி, சட்டையத் தூக்கி, வயித்த அமத்தி அமத்திப் பாத்தாங்க. உள்ள ஈக்கிறது புள்ளன்னு நான் கத்தினேன், கேக்கல்ல. அதுக்குப் பொறகு என்னையும் கிட்ட விடுறா இல்ல."

டொக்டர் கதிர்காமநாதன் வந்தார். இரத்த அழுத்தம் பார்க்க வேண்டும். குழந்தையின் இதயத்துடிப்பைக் கேட்க வேண்டும். எதற்கும் ஜெகதீஸ்வரி இடங்கொடுக்கவில்லை. கெஞ்சிக் கேட்டு ஒருவாறு கைப்பட்டி கட்டி அளந்தபோது அழுத்தம் கூடியிருந்தது. நோவு ஐந்து நிமிடத்துக்கு ஒன்றாய் வந்தது. ஆனால் உடம்பு கல்லாய் இறுகிக் கிடந்தது. பயந்த உடம்பு பிள்ளையைப் பிடித்து வைத்துக்கொள்ளும். எங்கள் தொழிலில் இருப்போர் எல்லோரும் அறிந்தது அது.

"ஐறீன், இப்பிடியே விட ஏலாது," என்றார் டொக்டர் என் காதோடு. "பெரியாஸ்பத்திரிக்கு அனுப்புவம். அங்க சத்திரசிகிச்சைக்கு வசதியிருக்கு."

மெதுவாய்த்தான் சொன்னார். ஆனால் ஜெகதீஸ்வரிக்குக் கேட்டுவிட்டது.

"நான் போகமாட்டன்! திரும்பவும் மறிப்பினம். திரும்பவும் இறக்கிப் பாப்பினம். இதிலயே செத்தாலும் சரி, நான் ரோட்டுக்குப் போகமாட்டன்."

வழியில் சாவடிகள் மூன்று இருந்தன. அவர் சொன்னது உண்மை. டொக்டர் தலைகுனிந்தார். நான் ஒன்றும் செய்யத் தெரியாமல் நின்றேன். இருபத்தேழு ஆண்டுத் தாதியப் பணியில், தொடாதே என்று சொல்பவளுக்கு என்ன செய்வதென்று எனக்கு எவரும் கற்றுத்தரவில்லை.

கருணையின் கனிவே! அப்போதுதான் நடையின் மறுகோடியில் வாளியைக் கீழே வைத்தீர்கள். வந்து, வாங்குக்கு இரண்டு அடி தள்ளி, ஈரத் தரையிலே அமர்ந்தீர்கள். அந்தப் பெண்ணை நோக்கிக் கையை நீட்டவில்லை. இரண்டு உள்ளங்கைகளையும் மேல்நோக்கி உங்கள் மடியிலே வைத்தீர்கள். பிறகு நிமிர்ந்து என்னைப் பார்த்தீர்கள்.

"மேற்றன், நான் கையெழுத்துப் போட்டிருக்கேன். நீங்க சொன்னாத்தான்."

நடை முழுக்கத் தாதியர் நின்றார்கள். ரபீக்கா நின்றார். டொக்டர் நின்றார். ஐந்து ஆண்டுகளாய் என் கோப்பிலே கிடந்த காகிதம் ஒரு பெண்ணுக்கும் அவள் பிள்ளைக்கும் நடுவில் கிடப்பதை அப்போது கண்டேன்.

"செய்யுங்கோ, அம்மா," என்றேன். "நீ" என்ற சொல் அன்றோடு என் வாயிலிருந்து போனது.

டொக்டர் கைக்கடிகாரத்தைப் பார்த்து, "ஒரு மணித்தியாலம். அதுக்கு மேல என்னால பாத்துக்கொண்டிருக்க ஏலாது" என்றார்.

நீங்கள் ஜெகதீஸ்வரியிடம் திரும்பினீர்கள்.

"புள்ள, நான் ஒங்களத் தொட மாட்டேன். இந்தா என் கை. ஒங்க கைய இதுமேல வைங்க. எங்க வலிக்குதோ அங்க நீங்களே கொண்டு போங்க. எடுன்னு சொன்னா எடுத்திருவேன்."

"பொய்," என்றார் அவர். "எல்லாரும் அப்பிடித்தான் சொல்லுவினம்."

"சொல்லிப் பாருங்க."

அடுத்த நோவு வந்து போகும்வரை அவர் அசையவில்லை. பிறகு, நெருப்பைத் தொடுபவர் போல உங்கள் மணிக்கட்டைப் பிடித்துத் தன் இடுப்பின் பக்கமாய் இழுத்தார். கை பட்டது. பட்ட கணமே, "எடுங்கோ!" என்றார். எடுத்தீர்கள். கையை மடியில் வைத்துக்கொண்டீர்கள். முகத்தில் ஒரு சுளிப்பும் இல்லை. மறுபடி இழுத்தார், மறுபடி "எடுங்கோ!" மறுபடி எடுத்தீர்கள். மூன்றாம் முறையும் அப்படியே. அவர் உங்களைச் சோதிக்கிறார் என்பதை நாங்கள் மெல்ல விளங்கிக்கொண்டோம். காலையிலே வீதியில் எத்தனையோ முறை "எடுங்கோ" என்று அலறியும் எடுக்கப்படாத ஒரு கைக்குப் பிறகு, சொன்னதும் எடுபடும் ஒரு கை இந்த உலகத்தில் உண்டா என்று அவர் பார்த்துக்கொண்டிருந்தார்.

நான்காம் முறை அவர் ஒன்றும் சொல்லவில்லை.

நோவு ஏறியது. உங்கள் உள்ளங்கையின் அடி அவருடைய முதுகின் அடியிலே ஊன்றியது.

"அங்க இல்லை, இன்னும் கீழ," என்றார்.

"இங்கயா?"

"ஓம். அமத்துங்கோ. இன்னும். இன்னும் அமத்துங்கோ."

அழுத்தினீர்கள். இறுகிக் கிடந்த முழங்கால்கள் ஒன்றையொன்று விட்டதை நான் என் கண்ணால் கண்டேன். அவர் அழத் தொடங்கினார். காலையிலிருந்து அழாதிருந்தவர், அப்போதுதான், வாய்விட்டு, கணவர் பெயரைச் சொல்லி அழுதார். "அழுவுங்க தாயி, அழுதுகிட்டே மூச்ச விடுங்க," என்றீர்கள். கை நிற்கவில்லை.

அரை மணி கழித்து அவர் தானே எழுந்து கட்டிலுக்கு வந்தார். மரக்குழலை வைத்துக் குழந்தையின் துடிப்பைக் கேட்க நான் நெருங்கியதும் மீண்டும் உடம்பு இறுகியது. நீங்கள் நிமிராமலே, "மேற்றன் ஒங்களக் கேட்டுட்டுத்தான் வைப்பாங்க," என்றீர்கள். அது அவருக்குச் சொன்ன ஆறுதல். எனக்குச் சொன்ன கட்டளை. ஆயிரக்கணக்கான வயிறுகளில் கை வைத்தவள் நான். அன்றுதான் முதன்முறையாக ஒரு பெண்ணின் முகத்தைப் பார்த்து, "கை வைக்கட்டுமா, பிள்ளை?" என்று கேட்டேன். அவர் கண்ணை மூடி, "ஓம்" என்றார். குழந்தையின் துடிப்பு நன்றாய், ஓடும் குதிரையின் குளம்படி போலக் கேட்டது. அழுத்தமும் சற்றே இறங்கியிருந்தது. டொக்டர் தந்த ஒரு மணி கடந்தது. அவர் ஒரு கதிரையை இழுத்துப் போட்டு அமர்ந்தார்.

அதன்பின் ஐந்து மணித்தியாலங்கள். மின்விசிறி ஓடாத வெக்கையில், ரபீக்கா ஒரு பழைய நாட்காட்டி மட்டையால் விசிற, நீங்கள் ஒவ்வொரு நோவுக்கும் அழுத்தி, ஒவ்வோர் இடைவெளிக்கும் தடவி, பாதத்தைச் சூடுபறக்கத் தேய்த்து, வியர்வை துடைத்து, ஓயாமல் உழைத்தீர்கள். இரண்டு மணியளவில் உங்கள் பெருவிரல் மடங்கவில்லை. அதைக் கண்டு, "நான் பிடிக்கிறேன், எனக்குக் காட்டுங்கோ," என்றேன். உங்கள் கையை என் கைமேல் வைத்து இடத்தைக் காட்டினீர்கள். இருபது நிமிடம் பிடித்ததிலே என் தோள் விண்டுபோயிற்று. எத்தனை ஆண்டு, எத்தனை பெண்களுக்கு, சம்பளப் பட்டியலில் இல்லாத இந்த வேலையைச் செய்தீர்கள் என்று அந்த இருபது நிமிடத்தில் விளங்கியது.

நான்கு மணி இருபது நிமிடத்துக்குப் பெண் குழந்தை பிறந்தது. கத்தி தேவைப்படவில்லை, வீதி தேவைப்படவில்லை. சாம்பவி என்று பெயரிட்ட அந்தக் குழந்தை இப்போது இந்த மண்டபத்தின் கதிரைகளுக்கடியில் ஓடித் திரிகிறாள். சற்று முன் என் காகிதங்களைத் தட்டிவிட்டவளும் அவளே. தகப்பன் கிருபானந்தன் பத்தொன்பது நாட்களின் பின் விடுவிக்கப்பட்டார். பிறப்புத் துண்டைக் கையில் வைத்துக்கொண்டு ரபீக்கா ஏறி இறங்கிய பொலிஸ் நிலையப் படிகளைக் கிருபானந்தன் இன்றும் சொல்லிச் சொல்லி மாய்கிறார்.

நோவு முழுதாய்ப் போய்விட்டதா என்று பின்னொரு நாள் ஜெகதீஸ்வரியிடம் கேட்டேன். "இல்லை மேற்றன். நோ அப்பிடியேதான் இருந்தது. காலமை நடந்ததில நான் எனக்குச் சொந்தமில்லாத ஆள் மாதிரிப் போயிட்டன். அந்த அம்மா கை வைச்ச பிறகுதான் அது என்ர உடம்பு, என்ர நோ எண்டு வந்தது. என்ர நோவை எனக்குத் தாங்க ஏலும்தானே," என்றார். படித்த மருத்துவ நூல் எதிலும் இதைவிடத் தெளிவாய் நான் வாசித்ததில்லை.

மறுநாள் காலை உங்களை என் அறைக்கு அழைத்தேன். இம்முறை கதிரை கொடுத்தேன். கோப்பிலிருந்த எச்சரிக்கைக் கடிதத்தை எடுத்து, அதன் குறுக்கே, "திரும்பப் பெறுகிறேன். தவறு என்னுடையது" என்று எழுதிக் கையொப்பமிட்டு, மீண்டும் கோப்பிலேயே வைத்தேன். கிழித்திருக்கலாம். கிழித்தால் என் தவறும் சேர்ந்து காணாமற்போகும் என்பதால் கிழிக்கவில்லை. இனிப் பிரசவ அறையில்தான் உங்கள் வேலை என்று சொன்னேன். மன்னிப்பும் கேட்டேன். அதற்கு நீங்கள் கேட்ட கேள்வி இதுதான்: "அப்ப, நாளையிலேருந்து வாளிய யாரு தூக்குறதுங்க மேற்றன்?"

என் சொல் முடிந்தது. இனி எல்லோருடைய சொல்.

எங்கள் குலவிளக்கே! அன்றிலிருந்து இன்றுவரை நான்கு ஆண்டுகளாய்ப் பிரசவ அறையில் உங்கள் ஆட்சி நடந்தது. தாதியரும் மருத்துவமாதரும் உங்கள் பக்கத்தில் நின்று, நோவின் ஏற்றத்தையும் இறக்கத்தையும் உள்ளங்கையால் கேட்கப் பழகினோம். கொழுந்து கிள்ளிய விரல்களா இவை என்று வியந்தோம். ஒருமுறை களனியிலிருந்து ஒரு சிங்களப் பெண் வந்தார். கணவர் வடக்கே போர்முனையில். மூன்று மாதமாய்க் கடிதமில்லை. உங்கள் நெற்றித் திருநீற்றைக் கண்டு முகத்தைத் திருப்பிக்கொண்டார். நீங்கள் கட்டிலருகே நின்று, உங்களுக்குத் தெரிந்த அரைகுறைச் சிங்களத்தில், "அத்த தியன்னத, நோனா?" என்று கேட்டீர்கள், கை வைக்கட்டுமா என்ற அதே கேள்வி. நோவு ஒன்று வந்தது. திரும்பாமலே அவர் கையை மட்டும் பின்னால் நீட்டினார். மாலையில் ஆண் குழந்தையைக் கையில் வைத்துக்கொண்டு, உங்களை "அம்மே" என்று அழைத்து அழுதார். அவருடைய கணவருக்கு என்னவாயிற்று என்பதை நாங்கள் அறியோம். நீங்கள் இன்றும் அதை விசாரித்துக்கொண்டிருக்கிறீர்கள்.

அம்மையே! எங்கள் பிறப்பேட்டிலே மருத்துவர் பெயருக்கு ஒரு கட்டம் உண்டு. மருத்துவமாது பெயருக்கு ஒரு கட்டம் உண்டு. இடுப்பைத் தாங்கியவர் பெயருக்குக் கட்டம் எதுவும் அச்சிடப்படவில்லை. முப்பத்தொரு ஆண்டு ஏடுகளைப் புரட்டினோம். உங்கள் பெயர் ஓரிடத்திலும் இல்லை. அந்தக் குறையை முழுதாய்த் தீர்க்க எங்களால் இயலாது. ஆனாலும், இம்மடலைச் சட்டமிட்டு உங்கள் கையில் தரும் இவ்வேளையில், இதன் இன்னொரு பிரதியைப் பிரசவ அறையின் சுவரிலே, கட்டிலில் ஒருபக்கமாய்த் திரும்பிப் படுத்திருக்கும் தாயின் கண்ணுக்கு நேரே மாட்டுகிறோம். நோவின் இடைவெளியிலே அவள் வாசிக்கட்டும். வாசிக்கத் தெரியாதவளுக்கு அருகில் நிற்பவர் வாசித்துச் சொல்லட்டும்.

களனி ஆற்றங்கரையிலே மகள் இராமலெட்சுமியின் வீட்டிலே நீங்கள் இனி வாழப்போகும் நாட்கள் நிறைவாய் அமைக! கண்பார்வை கூர்மையாய், நடை உறுதியாய், உண்பது செரித்து, உறங்குவது இனித்து, நூறாண்டும் அதற்கு மேலும் நீங்கள் நலமோடு வாழ முருகனையும், மாரியம்மனையும், கொச்சிக்கடை அந்தோனியாரையும், ரபீக்கா தொழும் இறைவனையும் எல்லோருமாய் வேண்டிக்கொள்கிறோம். போர் ஓய்ந்து, பெண்கள் எவரும் வீதியில் மறிக்கப்படாமல் வந்து பிள்ளை பெறும் ஒரு காலத்தை உங்கள் கண்ணாலேயே காணுங்கள்.

பெருவிரல் இரண்டுக்கும் முழு ஓய்வு என்பது டொக்டர் கதிர்காமநாதனின் எழுத்துமூலமான உத்தரவு. அக்கம்பக்கத்தார் கதவைத் தட்டினாலும் ஒருமாத காலமாவது இல்லையென்று சொல்லுங்கள். உங்கள் முதுகு நோகும் நாளில் மட்டும் எங்களுக்குச் சொல்லி அனுப்புங்கள். முறை போட்டு வருகிறோம்.

உங்கள் கைகளைத் தொட்டு வணங்கும்,
செம்மலர் மகப்பேற்று மனையின்
மருத்துவர், மேற்றன், தாதியர், மருத்துவமாதர், சிற்றூழியர் அனைவரும்

கொட்டாஞ்சேனை, கொழும்பு 13
30.06.2000